கட்டும் வலியும்: குழந்தைகளின் முழங்கை முறிவில் ஃபோல்க்மன் சுருக்கம் இனங்காணப்பட்ட வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

குழந்தைகளின் முழங்கை முறிவைத் தொடர்ந்து முன்கைத் தசைகள் குருதியோட்டமின்றி அழிந்து, மணிக்கட்டும் விரல்களும் நிலையாக மடங்கிவிடும் நிலை ‘ஃபோல்க்மன் சுருக்கம்’ எனப்படுகிறது. 1881 முதல் இந்நிலைக்குக் கூறப்பட்ட காரணங்கள் கட்டு, தமனி, திசு அழுத்தம் என மாறி வந்தமையையும், அதற்கேற்ப மருத்துவர்கள் தேடிய அறிகுறிகள் மாறியமையையும் இக்கட்டுரை ஆராய்கிறது. இவ்வரலாற்றில் குழந்தையின் வலி மிகத் தாமதமாகவே உரிய இடத்தைப் பெற்றது என்பது இதன் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: முழங்கை முறிவு, மாவுக்கட்டு, ஃபோல்க்மன் சுருக்கம், தசையறை அழுத்தம், குழந்தை மருத்துவ வரலாறு

முன்னுரை

தடுக்கி விழும் குழந்தை கையை நீட்டி ஊன்றுகிறது. அவ்விசையால் மேற்கை எலும்பு, முழங்கைக்குச் சற்று மேலே மெலிந்திருக்கும் இடத்தில் முறிகிறது. ஐந்து முதல் ஏழு வயது வரையிலான பிள்ளைகளிடம் இம்முறிவு மிகுதி. எலும்பு சில வாரங்களில் கூடிவிடும். எனினும் மேற்கைத் தமனியும் முதன்மை நரம்புகளும் முறிவிடத்தை ஒட்டிச் செல்வதாலும், வீக்கம் விரைந்து கூடுவதாலும் இடர் முன்கைத் தசைகளுக்கே மிகுதியாகிறது. குருதி பெறாத தசை சில மணி நேரத்தில் அழியத் தொடங்குகிறது. பின்னர் அது நார்த்திசுவாகிச் சுருங்குகிறது. எனவே உரிய நேரத்தில் இனங்காண்பதே இதில் மருத்துவத்தின் பெரும்பகுதியாகும்.

மாவுக்கட்டும் 1881ஆம் ஆண்டுக் கட்டுரையும்

டச்சுப் படை மருத்துவர் அன்டோனியஸ் மதைசென், பாரிஸ் சாந்துப்பொடி தேய்த்த துணிச்சுருளை நனைத்துச் சுற்றும் முறையை 1851இல் உருவாக்கினார். கிரிமியப் போரில் உருசிய அறுவை மருத்துவர் பிரகோவ் மாவுக்கட்டைப் பெருமளவில் பயன்படுத்தினார். முறிவை அசையாமல் நிறுத்துவதில் இக்கட்டு வெற்றி பெற்றது. ஆனால் உள்ளிருக்கும் கை வீங்கும்போது கட்டு விரிவதில்லை.

ஹாலே பல்கலைக்கழகத்தில் அறுவை மருத்துவப் பேராசிரியராக இருந்த ரிச்சார்ட் ஃபோன் ஃபோல்க்மன் (1830–1889), லிஸ்டரின் கிருமித்தடுப்பு முறையை ஜெர்மனியில் முற்பட ஏற்றவர்களுள் ஒருவர். ‘லியாண்டர்’ என்ற புனைபெயரில் 1871இல் கதைத்தொகுதி வெளியிட்டவரும் ஆவார். இறுகிய கட்டுகளுக்குப் பின் தோன்றும் கைமடக்கம் நரம்புச் செயலிழப்பால் விளைவதன்று, குருதியின்றித் தசை அழிவதால் விளைவது என 1881இல் அவர் வாதிட்டார். நரம்புச் செயலிழப்பில் உறுப்பு முதலில் தளர்ந்து, சுருக்கம் பின்னரே மெல்ல வரும். இங்கோ செயலிழப்பும் சுருக்கமும் ஏறத்தாழ ஒருங்கே வருகின்றன என்பது அவர் காட்டிய வேறுபாடு. இவ்விளக்கத்தில் காரணம் கட்டு. எனவே மருத்துவர் கவனிக்க வேண்டியதும் கட்டின் இறுக்கமே.

கட்டிலிருந்து தமனிக்கு

1906இல் ஹில்டெப்ரான்ட் இந்நிலைக்கு ஃபோல்க்மனின் பெயரை வழங்கியதோடு, திசுவின் உள்ளழுத்தமும் காரணமாகலாம் எனக் கருதினார். 1909இல் தாமஸ் அதுவரை வெளியான நோயாளர் குறிப்புகளைத் தொகுத்து ஆராய்ந்தார். பெரும்பாலானவற்றில் எலும்பு முறிவு இருந்தது. கட்டு மட்டுமே காரணம் என்ற கொள்கை போதாமையுடையது எனத் தெரிந்தது. 1914இல் அமெரிக்க அறுவை மருத்துவர் மர்ஃபி, தசையுறையைப் பிளந்து அழுத்தத்தைத் தணித்தால் சுருக்கத்தைத் தவிர்க்கலாம் என எழுதினார்.

இன்றைய மருத்துவம் ஏற்கும் விடை ஏறத்தாழ அன்றே கைக்கெட்டியிருந்தது. ஆயினும் 1940இல் கிரிஃபித்ஸ் தமனிக் காயத்தையும் தமனி இறுக்கத்தையும் முதன்மைக் காரணமாக முன்வைத்தபின், கவனம் தமனியின் பக்கம் திரும்பியது. காரணம் தமனி என்றானபோது மணிக்கட்டு நாடியே முதன்மை அறிகுறியாயிற்று. நுண்குழல்களின் குருதியழுத்தம் தமனியினதைவிட மிகக் குறைவு. திசு அழுத்தம் நுண்குழல்களை அடைத்துவிட்ட பின்னரும் நாடி துடித்துக்கொண்டிருக்கலாம். நாடியைத் தொட்டு நிறைவடைந்த மருத்துவரின் கண்முன்னேயே தசை அழிய இயலும். 1975இல் வைட்சைட்ஸ் குழுவினர் ஊசிவழித் திசு அழுத்தத்தை அளக்கும் எளிய முறையை வெளியிட்டபின், தசையறை அழுத்தம் பற்றிய கருத்து உறுதிப்பட்டது.

குழந்தையின் வலி

வலி, வெளிறல், மரத்தல், செயலிழப்பு, நாடியின்மை ஆகிய ஐந்தையும் பாடநூல்கள் நெடுங்காலம் அறிகுறிகளாகக் கற்பித்தன. இவற்றுள் சில தாமதமாகவே தோன்றுவன. சில நோயாளியின் சொல்லைச் சார்ந்தவை. கை மரத்துப்போவதை ஐந்து வயதுப் பிள்ளையால் விளக்கவியலாது. அதன் அழுகையோ அச்சம், பிடிவாதம், முறிவின் இயல்பான வலி என எளிதில் ஒதுக்கப்பட்டுவிடும்.

2001இல் பே, கடியாலா, வாட்டர்ஸ் ஆகியோர் பாஸ்டன் நகரக் குழந்தை நோயாளிகளை ஆராய்ந்து, மரபான ஐந்து அறிகுறிகளும் குழந்தைகளிடம் நம்பத்தக்கன அல்ல எனக் காட்டினர். வலிநீக்கி மருந்தின் தேவை கூடிக்கொண்டே செல்வது, பிற அறிகுறிகளுக்குப் பல மணி நேரம் முந்தியது. இதிலிருந்து அமைதியின்மை, பதற்றம், வலிநீக்கித் தேவை ஆகிய மூன்றும் குழந்தைகளுக்குரிய அறிகுறிகளாக ஏற்கப்பட்டன. ஃபோல்க்மனின் கட்டுரை வெளிவந்து 120 ஆண்டுகள் கழிந்திருந்தன.

இதற்கிடையே மருத்துவ முறையும் மாறியிருந்தது. முறிவை நிலைநிறுத்த முழங்கையை மிகையாக மடக்கிக் கட்டும் வழக்கம் குருதியோட்டத்திற்கு இடையூறாயிருந்தது. 1948இல் ஸ்வென்சன் விவரித்த கம்பி பொருத்தும் முறையும், 1974இல் ஃபிளின் குழுவினர் வெளியிட்ட நீண்ட கால அனுபவமும் அத்தேவையைக் குறைத்தன. வீக்கம் வடியும்வரை முழு மாவுக்கட்டுக்கு மாற்றாக அரைக்கட்டு இடுவதும் வழக்கமாயிற்று.

முடிவுரை

மூங்கில் தப்பையும் முட்டை வெண்கருவும் உளுந்துமாவும் கொண்டு எலும்பு கட்டும் மரபு தமிழகத்தில் இன்றும் உண்டு. இறுகிய கட்டின் தீங்கை இத்தகைய மரபு வைத்தியருக்கே உரியதாகக் கருதுவது வரலாற்றோடு பொருந்தாது. அத்தீங்கு மருத்துவ இலக்கியத்தில் இடம்பெற்றது, ஐரோப்பிய அறுவை மருத்துவர் ஒருவர் தம் துறையினரை நோக்கி எழுதிய எச்சரிக்கையாகவே. இறுகிய கட்டு எம்மரபில் இடப்பட்டதாயினும் அதன் விளைவு ஒன்றே. ஒவ்வொரு கொள்கையும் தனக்குரிய அறிகுறியை மட்டும் நோக்கச் செய்தது. கட்டையும் நாடியையும் பார்த்தவர்கள் குழந்தையின் அழுகையைச் சான்றாகக் கொள்ளவில்லை. கட்டிட்ட பின் வலி தணியாது கூடுமாயின் கட்டை உடனே தளர்த்தி, கையை ஆராய வேண்டும் என்பதே இவ்வரலாற்றிலிருந்து பெறப்படும் முடிவாகும்.