வரைவே இசைத்தட்டான கதை

நான் படித்த பிரெஞ்சுப் பள்ளியில் எதையும் முதலில் 'புரூயோன்' எழுத வேண்டும். அடித்தல் திருத்தலோடு எழுதும் வரைவுத் தாள் அது. பிறகு நல்ல தாளில் பார்த்து எழுதி முசேயிடம் கொடுப்போம். பின்னாளில் அரசு வேலையிலும் வரைவு, சுத்தப் பிரதி என்றே காலம் ஓடியது. ஆனால் இசைத்தட்டு உலகில் வரைவே கடைசிப் பிரதியாக வெளிவந்த கதை ஒன்று உண்டு.

அமெரிக்கப் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் 1982 ஜனவரியில், நியூஜெர்சி மாநிலத்தின் கோல்ட்ஸ் நெக் என்ற ஊரில், வாடகை வீட்டின் படுக்கையறையில் உட்கார்ந்து புதுப் பாட்டுகளைப் பதிவு செய்தார். கருவி டீயாக் 144. நாமெல்லாம் பாட்டுக் கேட்ட அதே சாதாரண கேசட்டில் நான்கு தடங்களைத் தனித்தனியே பதியும் பெட்டி அது, 1979-ல் வந்தது. இரண்டு மைக், முக்கியமாகக் கிடார், மவுத் ஆர்கன், குரல். நான்கு தடங்களையும் ஒன்றாகக் கலந்து ஒரு பழைய பானசோனிக் டேப் ரெக்கார்டரில் இறக்கினார். வாத்தியக்குழுவுக்குப் பாட்டைக் காட்டத்தான் அந்தக் கேசட். டப்பாகூட இல்லாமல் அவர் பையிலேயே கிடந்தது.

ஏப்ரலில் நியூயார்க் பவர் ஸ்டேஷன் ஸ்டுடியோவில் குழுவோடு அதே பாட்டுகளை வாசித்துப் பார்த்தார்கள். சில நன்றாக அமைந்தன. பலவற்றில் உயிர் போய்விட்டது. வேலையிழந்தவன், கொலைகாரன் என்று தனித்துவிடப்பட்டவர்களின் கதைகள் அவை. வாத்தியங்கள் சேரச் சேர அந்தத் தனிமை கலைந்தது. கடைசியில் பையில் கிடந்த கேசட்டையே வெளியிடுவது என்று முடிவானது.

சிக்கலே அங்கேதான். தட்டு அச்சிடுமுன் மாஸ்டரிங் என்றொரு வேலை உண்டு. ஒலியைச் சீர்செய்து, லாக்கர் பூசிய தட்டில் வரி வெட்டுவார்கள். ஒலி சீராக இல்லையென்றால் வீட்டில் போடும்போது முள் வரியில் நிற்காமல் தாவும். அந்தக் கேசட்டோடு பலர் மல்லுக்கட்டினார்கள். முடிவில் அட்லாண்டிக் ஸ்டுடியோவின் டென்னிஸ் கிங்தான் ஒலியளவைக் குறைத்து வெட்டிக் கொடுத்தார். 'நெப்ராஸ்கா' 1982 செப்டம்பர் 30 அன்று வெளிவந்தது.

அந்த அறையின் தனிமையை ஸ்டுடியோவால் உண்டாக்க முடியவில்லை. ஆனால் அந்தக் கைதேர்ந்த மனிதர் இல்லாவிட்டால் கேசட் ஊரார் காதுக்கு வந்தே இருக்காது.

எனக்கும் ஒரு அனுபவம். அம்மா பாடிய தாலாட்டு ஒன்று கேசட்டில் இருந்தது. சில வருஷங்களுக்கு முன் ஒரு கடையில் சுத்தம் செய்யக் கொடுத்தேன். இரைச்சல் போனது. கூடவே பின்னால் கேட்ட கிணற்று ராட்டினமும், அடிகளுக்கு நடுவே அம்மா மூச்சு வாங்குவதும் போய்விட்டன. குரல் சுத்தமாக இருந்தது, எங்கள் வீடு அதில் இல்லை. நல்லவேளை, பழைய கேசட்டைக் கேட்டு வாங்கி வந்திருந்தேன்.

உங்கள் வீட்டிலும் அப்படி ஏதாவது இருந்தால் சுத்தம் செய்யக் கொடுங்கள், தப்பில்லை. முதலில் உள்ளது உள்ளபடி ஒரு நகல் எடுத்து வையுங்கள். புரூயோனை மட்டும் கிழித்துப் போட்டுவிடாதீர்கள்.