எல்லிஸ் தீவில் இறங்கிய நார்வேக்காரி

1941 ஆகஸ்டில் வெளியான 'சன் வேலி செரினேட்' படத்தின் கதையை ஒரு தபால் அட்டையில் எழுதிவிடலாம். விளம்பரத்துக்காக ஓர் இசைக்குழு அகதிக் குழந்தையை வளர்க்க ஒப்புக்கொள்கிறது. குடியேறிகள் வந்திறங்கும் எல்லிஸ் தீவுக்குப் போய்ப் பார்த்தால் வந்து நிற்பது குழந்தை இல்லை, கல்யாண வயதுப் பெண். நார்வேக்காரி. பியானோக்காரன் மேல் அவளுக்குக் காதல். அவனுக்கோ ஏற்கெனவே ஒரு பாடகி இருக்கிறாள். மீதியை நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

பேர்ல் ஹார்பர் தாக்குதலுக்கு இன்னும் நான்கு மாதம் இருந்தது. அமெரிக்கா போரில் இறங்கவில்லை. ஆனால் நார்வேக்குள் ஹிட்லரின் படை 1940 ஏப்ரலிலேயே புகுந்துவிட்டது. நிஜ அகதிகள் அமெரிக்க விசாவுக்காக லிஸ்பனில் தவம் கிடந்தார்கள். திரையில் அகதி வாழ்க்கை என்பது காதலும் ஐஸ் ஸ்கேட்டிங்கும்தான்.

அந்த அகதியாக நடித்தவர் சோனியா ஹெனி. ஆஸ்லோவில் பிறந்தவர். 1928, 1932, 1936 என மூன்று ஒலிம்பிக்கிலும் தங்கம். தொடர்ந்து 10 உலகப் பட்டங்கள். அவர் சுழன்றாடுவதைப் பார்க்கத்தான் கூட்டம் வந்தது, நடிப்புக்காக அல்ல.

இதே ஹெனி 1936இல் பெர்லினில், ஹிட்லர் முன்னால் கையை உயர்த்தி நாஜி வணக்கம் வைத்தவர். நார்வே பத்திரிகைகள் வறுத்தெடுத்தன. அவரோ அதன் பிறகும் ஹிட்லரின் விருந்துக்குப் போனார். கையெழுத்திட்ட படத்தையும் வாங்கிக்கொண்டார். ஜெர்மானியர் நார்வேயைப் பிடித்தபோது அந்தப் படம்தான் அவர் வீட்டைக் காப்பாற்றியது என்பார்கள். ஹிட்லரால் வீடிழந்த பெண் வேடத்துக்குப் படத்தைத் தயாரித்த ஃபாக்ஸ் நிறுவனம் இவரைவிடப் பொருத்தமில்லாத ஒருவரைத் தேடிப் பிடித்திருக்க முடியாது! அமெரிக்க ரசிகர்கள் அதைப் பொருட்படுத்தவில்லை.

படத்தை இன்றும் தாங்கி நிற்பது கிளென் மில்லர் குழுவின் இசை. 'சட்டனூகா சூ சூ' என்ற ரயில் பாட்டின் இசைத்தட்டு 12 லட்சம் விற்றது. அதற்காக 1942 பிப்ரவரியில் மில்லருக்குத் தங்க முலாம் பூசிய தட்டு ஒன்றைப் பரிசளித்தார்கள். தங்க இசைத்தட்டு என்ற வழக்கம் அங்கே பிறந்தது. அதே பாட்டுக்கு நிக்கலஸ் சகோதரர்களும் டாரதி டான்ட்ரிட்ஜும் ஆடும் ஆட்டத்துக்கு முன்னால், என் கண்ணுக்கு ஹெனியின் ஸ்கேட்டிங்கே இரண்டாம்பட்சம்.

கதை நடக்கும் சன் வேலி, யூனியன் பசிபிக் ரயில் கம்பெனி பயணிகளை இழுக்க 1936இல் ஐடஹோ மாநிலத்தில் திறந்த பனிமலை விடுதி. போர் முற்றியதும் உல்லாசப் பயணிகளுக்குக் கதவடைத்தார்கள். 1943இல் காயம்பட்ட கடற்படை வீரர்கள் உடல் தேற அங்கே வந்து சேர்ந்தார்கள்.

1942இல் இசைக்குழுவைக் கலைத்துவிட்டு ராணுவத்தில் சேர்ந்த மில்லர், 1944 டிசம்பர் 15 அன்று இங்கிலாந்திலிருந்து பாரிஸுக்கு ஒரு சிறு விமானத்தில் ஏறினார். அந்தக் கதை அடுத்த வாரம்.

(தொடரும்)