விளக்குத்தூண் யாருக்கு?

மதுரையில விளக்குத்தூண் பக்கம் தீபாவளித் துணி எடுக்காதவங்க குறைவு. அது யார் நினைவா நிக்குது தெரியுமா? 1840-கள்ல கோட்டையை இடிக்க வச்ச கலெக்டர் பிளாக்பர்ன் நினைவா!

மதிலுக்குள்ள ஊர் நெருக்கியடிச்சுக் கிடந்த காலம். இடிக்கக் காசில்லை. மதிலை இடிச்சு அகழியைத் தூர்க்கிறவங்களுக்கே அந்த நிலம்னு அறிவிச்சார் மனுஷன். ஜனம் கடப்பாரையோட வந்துடுச்சு. (மனை ஆசை நம்மாளுங்களுக்கு அப்பவே உண்டு போல.) அப்படிப் பிறந்ததுதான் வெளி வீதிகள். வேலையைக் கவனிச்ச பெருமாள் மேஸ்திரியும் சர்வேயர் மாரட்டும் தெருப்பெயராவே தங்கிட்டாங்க.

ஊரும் கடைத்தெருவும் விரிஞ்சது சரிதான். ஆனா எனக்கு ஒரு வருத்தம்: அவ்வளவு பெரிய கோட்டையில மிச்சம், பெரியார் பஸ் நிலையம் பக்கத்துல ஒரு கொத்தளம். அடுத்த தடவை பஸ் ஏறும்போது பாருங்க.