கை கியரும் சாரதியின் இன்பமும்: ஒரு சரித்திர ஆராய்ச்சி

மதுரை மாநகரின் வடகிழக்கே, வைகையைக் கடந்து மேலூர் செல்லும் சாலையின்மீது, 1999ஆம் ஆண்டு முதல் வெளியூர்ப் பேருந்துகளின் பெருநிலையமாக விளங்கிவரும் மாட்டுத்தாவணிக்கு அப்பெயர் கால்நடைச் சந்தையினால் வந்தது. தாவணி என்பது மாடுகளை வரிசையாகப் பிணிக்கும் நெடுங்கயிற்றின் பெயர். கயிற்றின் பெயர் சந்தைக்காகி, சந்தையின் பெயர் இடத்துக்காகி, சந்தை போன பின்னும் பெயர் நிலைத்துவிட்டது. சுழி பார்த்து, பல் பார்த்து, நடத்திப் பார்த்து மாடு பிடித்த அந்தத் திடலில் இன்று நின்று இரு வண்டிகளை ஒப்பிட்டுப் பார்ப்பவனுக்கு, மோட்டார்ச் சரித்திரத்தின் ஒரு நூற்றாண்டு கண்முன் விரியும். அரசுப் பேருந்தில் ஓட்டுநரின் இடப்புறத்தே, எஞ்சின் மூடிக்குப் பின்னிருந்து வளைந்தெழும் நீண்ட கியர் ராடு, குமிழ் தேய்ந்து, எஞ்சின் ஓடும் நேரமெல்லாம் நடுங்கிக்கொண்டிருக்கும். பக்கத்திலுள்ள ஆம்னி நிலையத்தில் இரவுப் பிரயாணத்துக்குச் சித்தமாக நிற்கும் பெரிய வண்டிகள் சிலவற்றிலோ, கிளட்ச் மிதியே இல்லை. ஒரு சிறு பிடியை ஒரு தடவை தள்ளிவிட்டால், பெட்டி தானே கியரைத் தேர்ந்துகொள்ளும்.

பந்தயக் கார்களையும் விளையாட்டுக் கார்களையும் பிரியமாகப் பேணும் ரசிகர்களிடையே உலகெங்கும் நடைபெற்றுவரும் ஒரு விவாதம் உண்டு: கையால் கியர் மாற்றும் வண்டியில்தான் ஓட்டும் இன்பம் இருக்கிறதா, தானியங்கி வந்தபின் அந்த இன்பம் குறைந்துவிட்டதா என்பதே அது. இவ்விவாதத்தின் சரித்திரத்தை ஆராயுமிடத்து எனக்குத் தோன்றும் முடிபு ஒன்றே. கியர் மாற்றுவது இன்பம் என்னும் வாதம் மோட்டார் வண்டியோடு உடன்பிறந்ததன்று. வேகத்தில் மனிதக் கை யந்திரத்திடம் தோற்ற பின்னரே அது பிறந்தது. ஆனால் அந்த இன்பம் மட்டும் வாதத்துக்கு மிக முந்தியது. அதை அநுபவித்தவர்கள் அதற்கு ஒரு பெயர்கூட வைக்காமல், மணிக்கணக்குப் பார்த்துச் சம்பளம் வாங்கிக்கொண்டு, நம்முடைய சாலைகளிலே வண்டி ஓட்டினார்கள்.

பிரெஞ்சு தேசத்துப் பானார்–லெவாசோர் நிறுவனத்தின் எமில் லெவாசோர், 1890களின் தொடக்கத்தில், வெவ்வேறு அளவுள்ள பல்சக்கரங்களைத் தண்டின்மீது நகர்த்தி ஒன்றோடொன்று கோக்கும் பெட்டியை மோட்டார் வண்டியில் நிலைநிறுத்தினார். இன்றுள்ள கை கியர்ப் பெட்டிகளுக்கெல்லாம் மூலபுருஷன் அதுவே. அதன் குறையும் அன்றே வெளிப்பட்டது: இரண்டு சக்கரங்கள் வெவ்வேறு வேகத்தில் சுழன்றுகொண்டிருக்கையில் அவற்றைக் கோக்க முயன்றால் பல்லோடு பல் மோதும், இரும்பு அலறும், சமயத்தில் பல் முறியும். மூன்றாவது கியரில் நிமிஷத்துக்கு 1,200 சுற்றுச் சுழலும் எஞ்சின், இரண்டாவது கியரின் விகிதம் ஒன்றரை மடங்காயின், வண்டியின் வேகம் மாறாதிருக்கையிலேயே 1,800 சுற்றை எட்டியாக வேண்டும். அந்த 600 சுற்றையும் இடையிலே கூட்டிக் கொடுக்கவேண்டியவன் சாரதி. இதற்காகத் தோன்றிய வித்தையைத்தான் நம் ஓட்டுநர்கள் ‘டபுள் கிளட்ச்’ என்று வழங்கினார்கள்.

அதை அருகிலிருந்து பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். என் பால்யத்தில், மேலூர்ப் பக்கம் போகும் பழைய வண்டி ஒன்றில், எஞ்சின் மூடியை ஒட்டிய இருக்கையில் உட்கார்ந்து, ஓட்டுநரின் காலையும் கையையுமே பார்த்துக்கொண்டு பிரயாணம் செய்திருக்கிறேன். குறுக்கே மாட்டு வண்டி வருகிறது. இடக்கால் கிளட்சை மிதிக்கிறது. ராடு நியூட்ரலுக்கு வருகிறது. கால் கிளட்சை விடுகிறது. வலக்கால் ஆக்சிலேட்டரை ஒரு தட்டுத் தட்டுகிறது. எஞ்சினின் தொனி உயருகிறது. அது உச்சியைத் தொடும் அந்தக் கணத்திலே கிளட்ச் மறுபடி மிதிபட, ராடு இரண்டாவது கியருக்குள் வழுக்கிக்கொண்டு போகிறது. அவர் ராடைப் பிடிப்பதில்லை. உள்ளங்கையால் அணைத்துத் தள்ளுவார், அவ்வளவுதான். கண் சாலையை விட்டு அகலாது. அளவுமானி ஒன்றும் வேலை செய்யாத அந்த வண்டியில், எத்தனை சுற்று என்று அவருக்குச் சொன்னது செவி ஒன்றே. தம்பூராவின் தந்தியை முறுக்கிக்கொண்டே வந்து சுருதி சேரும் இடத்தில் விரலை நிறுத்தும் வித்துவானின் காரியத்துக்கும் இதற்கும் பேதமில்லை. உவமைக்காகச் சொல்லவில்லை, சுழற்சி கூடக் கூட ஸ்தாயி கூடுகிறபடியால், இரண்டு சக்கரங்களின் வேகத்தை ஒன்றாக்குவது மெய்யாகவே ஒரு சுருதி சேர்ப்புத்தான்.

இந்த வித்தை மதுரைச் சீமையில் வேரூன்றியதற்குத் தனிக் காரணம் உண்டு. திருக்குறுங்குடியில் 1877இல் பிறந்த டி. வி. சுந்தரம் அய்யங்கார், 1910களின் தொடக்கத்தில் மதுரையை இருப்பிடமாகக் கொண்டு பேருந்துப் போக்குவரத்தைத் தொடங்கினார். டி.வி.எஸ். வண்டி வருவதைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருத்திக்கொண்டோம் என்று சொல்லும் பெரியவர்களை மதுரையில் இன்றும் காணலாம். அவ்வளவு கணக்காக வண்டி ஓடவேண்டுமானால் அது இடையில் பழுதாகக் கூடாது. பழுதாகாதிருக்க வேண்டுமானால் ஓட்டுகிறவன் கியர்ப் பெட்டியைக் கெடுக்காதவனாக இருக்கவேண்டும். ஆகவே பல் உராயாமல் கியர் போடுவது ஒரு விளையாட்டாக அன்றித் தொழிலின் நாணயமாகவே மதிக்கப்பட்டது. 1970களின் தொடக்கத்தில் பேருந்துகள் அரசுடைமையாகிப் பாண்டியன் போக்குவரத்துக் கழகம் ஏற்பட்ட பின்னும், அந்த மதிப்பு ஓட்டுநர்களிடையே நெடுங்காலம் நீங்கவில்லை.

மேனாடுகளில் இதற்குள் யந்திரம் சாரதிக்கு உதவத் தொடங்கிவிட்டது. 1928இல் அமெரிக்காவின் காடிலாக் கார்களில் ஏர்ல் தாம்ப்சன் கண்டுபிடித்த சின்க்ரோமெஷ் புகுந்தது; பற்கள் கோக்குமுன் சிறு கூம்பு ஒன்று உராய்ந்து இரு வேகங்களையும் சமன்செய்துவிடும் உபாயம் அது. வித்துவான் மேடைக்கு வருமுன்னரே சுருதிப் பெட்டி ஒலிப்பதைப் போன்றது. 1939இல் ஜெனரல் மோட்டார்ஸ் ஹைட்ராமாட்டிக் என்னும் முழுத் தானியங்கிப் பெட்டியை அறிவித்தது. கிளட்ச் மிதி காரிலிருந்து மறைந்தது. இவை யாவும் சௌகரியத்தின் பெயரால் வந்தவை என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். வேகத்தை நாடியவர்கள் அவற்றை ஏற்கவில்லை. 1953இல் வெளிவந்த ஷெவ்ரலே கார்வெட் என்ற விளையாட்டுக் காருக்கு இரண்டே கியருள்ள தானியங்கிப் பெட்டியை மட்டும் வைத்தபோது ரசிகர்கள் முகம் சுளித்தார்கள். 1955இல் கை கியரும் அதற்கு வந்து சேர்ந்தது. ஆனால் அன்றைய குறை இன்பம் போயிற்றே என்பதன்று, வேகம் போயிற்றே என்பதே. கையே வேகமாக இருந்த காலத்தில் வேகத்தையும் இன்பத்தையும் பிரித்துப் பார்க்கவேண்டிய அவசியமே எழவில்லை.

நம் தேசத்துக்கு அந்த முதல் தானியங்கி யுகம் வந்து சேரவில்லை. சுதந்திரத்துக்குப் பின் அயல்நாட்டுக் கார்களின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டு, அம்பாஸடரும் ஃபியட்டும் ஸ்டாண்டர்டுமே சாலையை ஆண்டன. முன்னிரண்டிலும் கியர்ப் பிடி ஸ்டியரிங் தண்டின்மீது இருந்தது. பல மூட்டுகளைக் கடந்து பெட்டியை எட்டும் அந்தப் பிடியில், கைக்கும் பல்லுக்கும் இடையே ஒரு தூதன் நின்று பேசுவது போன்ற மந்தம் உண்டு. சென்னையை அடுத்த வண்டலூர்ப் பகுதியில் ஸ்டாண்டர்ட் மோட்டார் நிறுவனம் 1961 முதல் செய்த ஹெரால்டில் மட்டும் சிறிய கியர் ராடு தரையிலிருந்து நேரே எழுந்தது. முதல் கியருக்குச் சின்க்ரோமெஷ் இல்லை. அதை ஓடும்போது போடவேண்டுமானால் பேருந்து ஓட்டுநரின் வித்தையே கைகொடுத்தாக வேண்டும். இங்கிலாந்தில் இதே ஹெரால்டின் அடிச்சட்டத்தைக் குறுக்கித்தான் ட்ரயம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்னும் விளையாட்டுக் காரை 1962இல் உருவாக்கினார்கள். ஆகையால் தமிழ்நாட்டுத் தொழிற்சாலையில் பிறந்த ஒரு குடும்பக் கார், பெயர்பெற்ற விளையாட்டுக் காருக்குப் பங்காளி முறையாகிறது. இருபத்தைந்து அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும் அந்த வண்டியை மதுரை மாசி வீதிகளில் ஓட்டியவர்கள் அதை இன்னமும் சொல்லிச் சொல்லி மகிழ்வதில் ஆச்சரியமில்லை.

பந்தயமும் நம்மிடம் இல்லாமலில்லை. யுத்தகால விமானத் தளமாகிய சோழவரத்தின் ஓடுபாதையில் 1950கள் முதல் கார்கள் ஓடின. பின்னர் கோயமுத்தூர் கரிவரதன், தம் நாற்பத்தோராம் பிராயத்தில் 1995இல் விமான விபத்தில் மறைவதற்குமுன், மாருதி காரின் சாதாரண எஞ்சினைக் கொண்டே ஒற்றை இருக்கைப் பந்தய வண்டியைச் செய்துகாட்டினார். ஃபார்முலா மாருதி என்ற அவ்வண்டியைப் பற்றி நான் மிகுந்த மதிப்போடு எழுதுகிறேன். பணம் படைத்தவர்களுக்கு மட்டுமே எட்டிய ஒரு கலையை, கடைவீதியில் கிடைக்கும் உறுப்புகளால் இளைஞர் கைக்கு எட்டச் செய்தவர் அவர். அந்த வண்டியிலே கியரும் கிளட்சும் கையாலும் காலாலும் ஆளப்பட்டன. கோவை நாராயண் கார்த்திகேயன் தம் பந்தய வாழ்க்கையை ஸ்ரீபெரும்புதூரில் தொடங்கியது ஃபார்முலா மாருதியில்தான்.

இதற்கிடையே உலகப் பந்தயத்தில் பெரும் திருப்பம் நேர்ந்தது. 1989ஆம் ஆண்டின் முதல் ஃபார்முலா ஒன் பந்தயம் பிரேசில் நாட்டில் நடந்தபோது, ஜான் பர்னார்ட் வடிவமைத்த ஃபெராரி காரில் கியர் ராடே இல்லை. ஸ்டியரிங் சக்கரத்தின் பின்னே இருந்த இரு சிறு தகடுகளை விரலால் இழுத்தால் போதும். மிச்ச வேலையை மின்சாரமும் அழுத்த எண்ணெயும் செய்துவிடும். சோதனைகளில் அடிக்கடி நின்றுபோன அந்த வண்டி பந்தயத்தை முடிக்கும் என்று எவரும் நம்பவில்லை. நைஜல் மான்ஸல் இடையில் ஸ்டியரிங் சக்கரத்தையே மாற்றிக்கொண்டு ஓட்டி வெற்றி பெற்றார். சில வருஷங்களுக்குள் முன்னணி அணிகள் யாவும் அவ்வழியே சென்றன. அதற்கு முன்பே, 1986இல், போர்ஷே நிறுவனத்தின் 962 வண்டி இரட்டைக் கிளட்ச் பெட்டியுடன் மான்ஸாவில் வென்றிருந்தது. ஒரு கிளட்ச் இப்போதைய கியரைத் தாங்கிக்கொண்டிருக்கையில் மற்றொன்று அடுத்த கியரைச் சித்தமாக வைத்திருக்கும் அந்த ஏற்பாடு 2008இல் போர்ஷே 911 காருக்கும் வந்தது. 2005இல் ஜோர்டான் அணியின் சார்பில் நாராயண் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் நுழைந்தபோது, ஸ்ரீபெரும்புதூரில் கையும் காலும் கற்ற வித்தைக்கு அங்கே வேலையில்லை. விரல் மட்டும் போதுமாயிருந்தது. ஒரே மனிதனின் பன்னிரண்டு வருஷ அநுபவத்துக்குள் இந்தச் சரித்திரம் முழுவதும் அடங்கிவிட்டது.

வேகப் போட்டியில் கை இவ்வாறு தோற்ற பிறகுதான், நான் முன் சொன்ன வாதம் பிறந்தது. 2013இல் போர்ஷே தன் 911 ஜிடி3 காரை இரட்டைக் கிளட்ச் பெட்டியுடன் மட்டுமே விற்றது. அளந்து பார்த்தால் அது முந்தியதைவிட வேகமானது என்பதில் ஐயமில்லை. ஆயினும் ரசிகர்கள் திருப்தியடையவில்லை. 2016இல் ஆறு கியர் கை பெட்டியுடன் 911 ஆர் என்னும் காரை 991 மட்டும் செய்தார்கள். அடுத்த வருஷமே ஜிடி3க்கும் கை கியர் திரும்பி வந்தது. மெதுவான பெட்டியைத் தெரிந்தே விரும்பிக் கேட்டு வாங்கும் நிலை மோட்டார்ச் சரித்திரத்தில் புதிது. அவர்கள் கேட்டது வேகத்தையன்று. தங்கள் செவியும் காலும் கையும் ஒரு கணத்தில் ஒன்றுசேரும் அந்தச் சுருதியைத்தான்.

நம் ஊரில் நிலைமை வேறு. 2014இல் மாருதி செலேரியோ கார் வந்தபோது தானியங்கி என்பது நடுத்தரக் குடும்பத்தின் விலைக்கு இறங்கியது. அதில் இருப்பது புதிய பெட்டியன்று. பழைய கை கியர்ப் பெட்டியேதான், மனிதனின் இடக்காலும் இடக்கையும் செய்த வேலையை ஒரு யந்திரக் கை செய்கிறது. கியர் மாறும்போது வண்டி ஒரு கணம் தயங்குவதை உட்கார்ந்திருப்பவரின் கழுத்து உணரும். அந்தத் தயக்கத்தில்தான் பழைய ஓட்டுநர் ஆக்சிலேட்டரைத் தட்டிக் கொடுத்தார். கோரிப்பாளையத்திலும் சிம்மக்கல்லிலும் அரை மணி நேரம் ஊர்ந்து செல்பவருக்கு இத்தயக்கம் ஒரு பொருட்டன்று என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். நாளொன்றுக்கு ஆயிரம் தடவைக்குமேல் கனமான கிளட்சை மிதிக்கும் நகரப் பேருந்து ஓட்டுநரின் முழங்காலை எண்ணினால், அவர் வண்டிக்குத் தானியங்கி நாளையே வரவேண்டும் என்றுதான் சொல்வேன். விருப்பத்துக்காகக் கியர் மாற்றுவதும் வயிற்றுக்காக மாற்றுவதும் ஒன்றல்ல. இந்த விவாதத்தை எழுதும் மேனாட்டார் இவ்வேற்றுமையைப் போதிய அளவு கவனிக்கவில்லை என்பது என் அபிப்பிராயம்.

சட்டமும் இவ்விஷயத்தில் ஆராயத்தக்கது. 1988ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டம், இருசக்கர வண்டிகளைக் கியர் உள்ளவை, கியர் இல்லாதவை என்று பிரித்துத் தனித்தனி உரிமம் வகுக்கிறது. கார்களுக்கு அத்தகைய பிரிவு இல்லை. இங்கிலாந்தில் தானியங்கிக் காரில் தேர்வு கொடுத்தவர் கை கியர்க் காரை ஓட்டலாகாது, இங்கே அத்தடையில்லை. மதுரையில் இன்று தானியங்கியிலேயே பழகி உரிமம் பெறும் ஓர் இளைஞர், கொடைக்கானல் மலைப்பாதையில் நண்பரின் கை கியர்க் காரை ஓட்ட நேர்ந்தால், ஏறிய கியரிலேயே இறங்கவேண்டும் என்ற பழைய விதியை அவருக்குச் சொல்லிக் கொடுக்க அருகில் எவராவது இருக்கவேண்டும். ஏழாயிரம் அடி உயரத்திலிருந்து இறங்குகையில் பிரேக் மட்டும் அதைச் சொல்லிக் கொடுத்தால் காலம் கடந்துவிடும்.

சென்ற மாதம் ஓர் இரவு, ஆம்னி நிலையத்தில் கிளட்ச் இல்லாத வண்டி ஒன்று வெளியேறுவதை நின்று பார்த்தேன். ஓட்டுநருக்கு ஐம்பது பிராயத்துக்கு மேலிருக்கும். வாசலில் வேகத்தடை வந்தபோது எஞ்சின் தானே தொனியை உயர்த்திக் கீழ் கியருக்கு இறங்கியது. அவர் இடக்கை ஸ்டியரிங்கை விட்டு இறங்கி, உள்ளங்கையை விரித்தபடி, ராடு இருந்திருக்கவேண்டிய இடத்தில் ஒரு கணம் நின்று, பின் தொடைமீது அமர்ந்தது.