இடர் தந்த இருக்கை

அரியணை ஏறியோர் கதையை ஏடுகள் ஆயிரம் பக்கம் எழுதி வைத்துள்ளன. எவன் ஏறினான், எவனை வீழ்த்தி எவன் அமர்ந்தான் என்று வகுப்பறையில் ஆண்டுக்கணக்கோடு நாமும் ஒப்புவிக்கச் செய்கிறோம். இங்கு நாம் கூற வருவது வேறோர் ஆசனத்தின் வரலாறு. பொன் இல்லை, மணி இல்லை. சாண் நீளத்தைச் சற்றே கடந்த தோல்! அதன்மீது பெண் அமரலாமா, அமர்ந்தால் நோவின்றி அமர இயலுமா என்ற வழக்கு நூறாண்டு நடந்தது. மிதிவண்டியின் இருக்கையைத்தான் சொல்கிறோம்.

இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் 1866இல் தோல்தொழில் தொடங்கியவர் ஜான் புல்ட்பீ புரூக்ஸ். 1878இல் அவருடைய குதிரை இறந்தது; இரவல் வாங்கிய மிதிவண்டியில் ஏறினார்; மர இருக்கை அவரை வாட்டி எடுத்தது என்பது அந்நிறுவனத்தார் வழிவழியாகக் கூறும் செய்தி. 1882இல் புதிய இருக்கைக்குக் காப்புரிமை பெற்றார். அவர் பெயரால் புகழ்பெற்ற இருக்கையில், முன்முனைக்கும் பின்முனைக்கும் இடையே தடித்த மாட்டுத்தோல் தூளிபோல் இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். பல நூறு கல் தொலைவு ஓட்டிய பின் தோல் படிந்து, அமர்வோர் உடலோடு ஒத்துப்போகும். ஆடவனுக்கு நோவு என்றதும் அவன் உடலை எவரும் பழிக்கவில்லை, இருக்கையை மாற்றினர்!

பெண்ணுக்கு நேர்ந்தது என்ன?

1885இல் ஜான் கெம்ப் ஸ்டார்லி, இரு சக்கரமும் ஏறத்தாழ ஒரே அளவான 'ரோவர்' வண்டியைத் தந்தார். 1888இல் டன்லப் காற்றடைத்த டயரைத் தந்தார். 1890களில் மங்கையர் பல்லாயிரவர் வீதிக்கு வந்தனர். ஆனால், இருக்கையோ ஆடவன் உடலை அளவாகக் கொண்டது. அமரும்போது எடையைத் தாங்கும் இரு எலும்புகள் பெண்ணுக்குப் பொதுவாகச் சற்று அகன்றிருக்கும். குறுகிய இருக்கையில் அவ்வெலும்புகளுக்குப் பிடிமானம் இல்லை. எடை முழுதும் மென்பகுதியில் அழுந்தும். முன்குனிந்தால் நீண்ட மூக்கு மேலும் உறுத்தும். கணக்கு இவ்வளவு எளியது!

மருத்துவர் சிலர் கண்ட முடிவோ வேறு. பிள்ளைப்பேற்றுக்குக் கேடு என்றனர். ஒழுக்கத்துக்கு ஊறு என்றனர். நோவு தோன்றியது தோலில். தீர்ப்பு விழுந்தது பெண்மீது! கால் பொருந்தாத செருப்பைக் கழற்றி எறியாமல், காலையே குறைகூறும் அறிவை என்னென்பது?

ஆயினும் பெண்கள் இறங்கவில்லை. அமெரிக்க மதுவிலக்குத் தலைவி பிரான்சிஸ் வில்லார்டு 53ஆம் வயதில் மிதிவண்டி பழகி, 1895இல் அதை நூலாகவே எழுதினார். பெண் விடுதலைக்கு மிதிவண்டியைப்போல் உதவியது வேறொன்றில்லை என்ற கருத்தை 1896இல் சூசன் ஆந்தனி உரைத்தார். தொழிலாளர் கைகளும் அசைந்தன. மூக்கைக் குறைத்தனர், பின்புறத்தை அகற்றினர், எலும்புக்கொன்றாக இரு மெத்தைகள் வைத்து நடுவே இடைவெளி விட்ட 'கிறிஸ்டி' இருக்கை வந்தது. அச்சத்தைக் காட்டி விற்ற வணிகரும் உண்டு. எனினும் வாங்கியவள் நாடியது நிம்மதி. பாவாடை சிக்காதிருக்க மூக்கைச் சுருக்கிய தோல் இருக்கையை, புரூக்ஸ் நிறுவனமும் பெண்களுக்கெனத் தனியே செய்தது.

வழக்கு அத்துடன் முடியவில்லை. அமெரிக்காவில் பொறியியல் கற்ற ஜார்ஜினா டெர்ரி, 1985இல் பெண்களுக்கெனவே மிதிவண்டி செய்யும் நிறுவனம் தொடங்கினார். பின்னர், அழுத்தம் விழும் இடத்தில் திறப்பு விட்ட இருக்கையைப் பெண்களுக்குத் தந்தார். இன்று அத்தகைய திறப்புள்ள இருக்கைகளை ஆடவரும் விரும்பி வாங்குகின்றனர். பெண்ணின் நோவுக்குச் செவிசாய்த்ததால் எவர்க்கும் இழப்பில்லை, யாவர்க்கும் நலமே!

எனவே, மிதிவண்டி ஏறும் தங்கையர்க்கு நாம் கூறுவது இது: எலும்பின் அகலம் அறிந்து இருக்கையைத் தேர்க, நிமிர்ந்து ஓட்டுவோர் அகன்றதைத் தேர்க, புதுத்தோல் பதமாகப் பொறுத்திருக்க. அதன் பின்னும் நொந்தால் இருக்கையை மாற்றுக! உனக்கு ஏற்றதன்று என்று எவரேனும் ஓதினால், எவர் அளவில் செய்தீர் என்று கேட்க! மிதிவண்டியோடு நில்லாமல், பள்ளிப் பலகை, ஆலைப் பொறி, அலுவலக நாற்காலி அனைத்தின் முன்னும் கேட்க வேண்டிய கேள்வி அது.