விரலுக்குப் பாடம் சொன்ன கருவிகள்

மலர்க் குழுவினர் "ஏதாவது எழுதிக் கொடுங்க" என்று கேட்டார்கள். கேண்டீன் கதைகளையும் விடுதிக் கூத்துகளையும் மற்ற நண்பர்கள் எழுதிவிடுவார்கள். நான் தொடு உணர்வைப் பற்றி எழுதுகிறேன்.

படிப்பு முடிந்ததும் ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையின் பிரஸ் ஷாப்பில் சேர்ந்தேன். கார் கதவுத் தகட்டில் கண்ணுக்குத் தெரியாத பள்ளங்களைக் கையால் தடவிக் கண்டுபிடிக்க வேண்டும். "அழுத்தாதே தம்பி, சும்மா தடவு. கையே சொல்லும்" என்பார் மூத்த தொழிலாளி ஒருவர். எனக்கு ஒன்றும் சொல்லவில்லை. அவர் விரல் உணர்வதை என் விரலுக்கு மாற்றித் தர அவரால் முடியவில்லை. என் விரல் எங்கே தவறுகிறது என்பதும் அவருக்குத் தெரியவில்லை. கை பழக ஆறு மாதம் ஆயிற்று.

2016-இல் அம்மாவுக்குக் காய்ச்சலும் வயிற்று வலியும் வந்தன. ஓர் இளம் டாக்டர் வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டு, "கேஸ்தான்" என்று மாத்திரை கொடுத்தார். பத்து நாள் கழித்து வேறோர் இடத்தில், வயதான டாக்டர் வலது விலாவுக்குக் கீழே விரல்களை வைத்து, "மூச்சை நல்லா இழுங்கம்மா" என்றார். மூச்சு உள்ளே போகும்போது கல்லீரல் கீழே இறங்கி விரலில் வந்து முட்டும். வீக்கத்தை அங்கேயே சொல்லிவிட்டார். ஸ்கேனில் சீழ்க்கட்டி தெரிந்தது. அம்மா பிழைத்துக்கொண்டார். அந்த இளம் டாக்டர் மீது எனக்கு முதலில் கோபம்தான். பிறகு கதவுத் தகடு ஞாபகம் வந்தது.

இந்தச் சங்கடம் மிகப் பழையது. சுஸ்ருத சம்ஹிதை, அறுக்கப் பழகுபவன் பூசணி, சுரைக்காய், வெள்ளரியில் பழகட்டும் என்கிறது. கட்டுப் போடுவதற்கு ஆள் உயரப் பொம்மை. பிரான்சில் 1759-இல் மன்னரின் ஆணை பெற்ற மருத்துவச்சி து குத்ரே, துணியாலும் தோலாலும் செய்த இடுப்புப் பொம்மையோடு ஊர் ஊராகப் போய்ப் பிரசவம் பார்க்கக் கற்றுக் கொடுத்தார். 1761-இல் ஆஸ்திரியாவின் அவுன்புருக்கர், மார்பைத் தட்டி நோய் அறியும் முறையை வெளியிட்டார். விடுதிக்காரரின் மகன், பீப்பாயைத் தட்டிச் சரக்கின் அளவைப் பார்க்கும் பழக்கத்திலிருந்து வந்த யோசனை என்பார்கள். நாம் பலாப்பழம் தட்டுவது போலத்தான்!

பொம்மை எவ்வளவு நன்றாக இருந்தாலும் ஒரு குறை உண்டு. ஒரே பொம்மை இன்றைக்கு நல்ல கல்லீரலாகவும் நாளைக்கு வீங்கிய கல்லீரலாகவும் மாறாது. அதற்கு மோட்டார் வேண்டியிருந்தது.

அமெரிக்காவின் ஆர்கான் ஆய்வுக்கூடத்தில் கதிரியக்கப் பொருளைத் தூரத்திலிருந்து கையாள, 1950-களில் ரேமண்ட் கோர்ட்ஸ் மின் இயந்திரக் கைகளைச் செய்தார். அந்தப் பக்கம் படும் விசை இந்தப் பக்கம் கைக்குத் திரும்பி வரும். 1993-இல் எம்.ஐ.டி. மாணவர் தாமஸ் மாஸி, பேராசிரியர் கென்னத் சாலிஸ்பரியுடன் 'ஃபேண்டம்' என்ற மேசைக் கருவியை உருவாக்கினார். (மாஸி பின்னாளில் அமெரிக்க காங்கிரஸ் உறுப்பினரானார் என்பது வேறு கதை.) விரலை ஒரு தொப்பியில் நுழைத்தால், அது இருக்கும் இடத்தை என்கோடர் சொல்லும். கற்பனைப் பரப்புக்குள் விரல் எவ்வளவு புகுந்ததோ, அதற்கேற்ப மோட்டார் எதிர்த்துத் தள்ளும். கண்ணுக்கு நொடிக்கு 24 படம் போதும். விரல் அவ்வளவு சுலபத்தில் ஏமாறாது. கிட்டத்தட்ட 1000 முறை கணக்குப் போட வேண்டும். குறைந்தால் கெட்டியான பரப்பு நடுங்க ஆரம்பிக்கும்.

எனக்குப் பிடித்த கருவி ஒரு மாடு! கிளாஸ்கோவில் கால்நடை மருத்துவர் சாரா பெய்லி, 2000-களின் தொடக்கத்தில், பைபர் கிளாஸ் மாட்டின் பின்பாதிக்குள் ஃபேண்டமை வைத்தார். சினை பார்க்கக் கை விடும் மாணவர் கருப்பையைத் தேடுவார். நிஜ மாட்டில் உள்ளே கை எங்கே போகிறது என்று ஆசிரியருக்குத் தெரியாது. இங்கே திரையில் விரல் தெரியும். "இன்னும் கொஞ்சம் இடது பக்கம்" என்று சொல்லலாம். எங்கள் பிரஸ் ஷாப் பெரியவருக்குக் கிடைக்காத வசதி இதுதான்.

நம் பக்கத்துக்கும் இதில் பங்குண்டு. எம்.ஐ.டி.யில் 'டச் லேப்' தொடங்கியவர் மந்தயம் சீனிவாசன். அங்கே பணியாற்றித் திரும்பிய பேராசிரியர் மணிவண்ணன், சென்னை ஐ.ஐ.டி.யில் அதே துறையில் ஆய்வகம் அமைத்து மருத்துவப் பயிற்சிக் கருவிகளில் ஆராய்ச்சி செய்துவருகிறார். மருத்துவக் கல்லூரிகளில் 2019-இல் வந்த புதிய பாடத்திட்டம் திறன் பயிற்சிக்கூடத்தைக் கட்டாயமாக்கியது. ஒரகடத்திலோ சுமார் 350 ஏக்கரில் மருத்துவக் கருவிகள் பூங்காவுக்கு இடம் ஒதுக்கப்பட்டது.

நாம் படித்தபோது ஸ்ரீபெரும்புதூர் சாலையில் ஓடிய நோக்கியா பேருந்துகள் நினைவிருக்கிறதா? 2006 முதல் 2014 வரை அங்கே செய்த போன்களில் அதிர்ந்த குட்டி மோட்டாரும் இந்தக் குடும்பத்துக் கடைக்குட்டிதான்.

நானும் ஒரு சின்னக் கருவி செய்திருக்கிறேன். ஸ்டான்போர்டில் வெளியிட்ட 'ஹேப்கிட்' வரைபடத்தைப் பார்த்து, ஒரே திசையில் மட்டும் தள்ளுகிற கருவி: ஒரு மோட்டார், ஒரு சென்சார், ஒரு சர்க்யூட் போர்டு. அதில் கல்லீரல் விளிம்பைக் கொண்டுவரப் பார்க்கிறேன். அம்மா தொட்டுப் பார்த்துவிட்டு, "என்னடா, கல்லு மாதிரி இருக்கு" என்றார். உண்மைதான், விறைப்பு எண்ணைக் குறைக்க வேண்டும். சந்திப்பு நாளன்று அதைக் கொண்டுவந்து மெக்கானிக்கல் லேபில் வைக்கிறேன். கடைசி வருட ப்ராஜெக்ட் தேடும் தம்பி தங்கைகள் வந்து விரலை வைத்துப் பாருங்கள்.