ஜட்கா

ஆடி வெள்ளிக்குப் படவேட்டு ரேணுகாம்பாள் கோயிலுக்கு மாட்டுவண்டி கட்டிப் போனதைப் போளூர்ப் பக்கத்துப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். குதிரை பூட்டினால் அது ஜட்கா. தக்கணி உருதுவிலிருந்து வந்த சொல். வெடுக்கென்ற உலுக்கல், விரைவு என்று பொருள். ஏறி உட்கார்ந்து இடுப்பு நொந்தவர்களுக்கு அகராதி தேவையில்லை!

1886இல் வந்த 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதி, இதைச் சென்னையின் வாடகை வண்டி என்று குறித்து, லொடலொடத்த வண்டி என்று ஏளனமும் செய்கிறது. ஏதோ அதை எழுதிய பிரிட்டிஷ்காரர்கள் ஊரில் எல்லாமே ரதம் என்பதுபோல! அங்கும் 'ஷாண்ட்ரிடான்' இருந்தது. முதலில் இலகுவான குதிரை வண்டி. பிறகு எந்த ஓட்டை வண்டிக்கும் அதே பெயர். அச்சொல்லின் வேர் அகராதிக்காரர்களுக்கே பிடிபடவில்லை.

ஜட்காவின் மூலச்சொல் வடக்கே கறிக்கடையிலும் உண்டு. ஒரே வெட்டில் அறுத்த கறிக்கு அங்கே அதுதான் பெயர்.